உட்கூரையில் அமர்ந்திருந்த தெய்வங்கள்

பங்குனி முடிவில் ஒரு முற்பகல், துன் நகரிலிருந்து நண்பர் தொலைபேசியில் அழைத்தார். நலம் வினவவில்லை.

“ஐயா, இன்னும் ஒரு கிழமைதான் கிடக்கு. அவள் என்னோடை ஒரு சொல்லும் கதைக்கேல்லை.”

அவள் என்றது அவருடைய தங்கையை. மூன்று மாத வருகை அனுமதியில் மன்னாரிலிருந்து வந்து அண்ணன் வீட்டிலே தங்கியிருந்தார் அந்த அம்மையார். நாட்டுப்போரின் கடைசி மாதங்களில் வன்னியிற் கணவரை இழந்தவர். அன்று தொடங்கி அண்ணனோடு பேச்சில்லை. நண்பரின் மனைவி அழைத்தால் மணிக்கணக்கிற் கதைப்பார். தொலைபேசி கைமாறி அண்ணனின் குரல் கேட்டதும், ஒரு சொல்லும் சொல்லாமல் அருகிலிருக்கும் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவார். நேரில் வந்தால் மனம் இளகும் என்று நம்பி, அழைப்புக் கடிதமும் பிணைக் கடிதமும் எழுதுவித்து நண்பர் அவரை வரவழைத்திருந்தார்.

“வீட்டிலை எல்லாரோடையும் கதைக்கிறாள், ஐயா. மனுசியோடை, பிள்ளையளோடை, பக்கத்து வீட்டுப் பூனையோடை கூடக் கதைக்கிறாள். எனக்கு மட்டும் சுவர்.”

“என்னை என்ன செய்யச் சொல்கிறீர்?” என்று கேட்டேன்.

“ஒண்டு கேட்டிருக்கிறாள். மனுசியிட்டைச் சொல்லிக் கேட்டது. அண்டைக்கு நான் எங்கை நிண்டு அவளோடை ஃபோனிலை கதைச்சனான், அந்த இடத்தைப் பார்க்க வேணுமாம். ஹோட்டல் இப்ப பூட்டு. காவலுக்கு நிக்கிற ஹவுஸ்வார்ட்டோடை கதைச்சிட்டன், திறந்து விடுவான். நீங்களும் வாங்கோ. நாங்கள் ரெண்டு பேரும் தனியப் போனா ரயில் முழுக்கச் செத்த வீடு மாதிரி இருக்கும்.”

முழங்கால் வலியைச் சொல்லித் தப்பியிருக்கலாம். வலி பொய்யுமன்று. இருப்பினும் இசைந்தேன். அன்று அவர் தொலைபேசியிற் படித்த வாக்கியங்கள் என்னுடையவை. அதனை உலகில் எங்கள் இருவரைத் தவிர வேறொருவரும் அறியார் என்று நான் அப்போது எண்ணியிருந்தேன்.

எங்கடின் பள்ளத்தாக்கில் உள்ள அந்தப் பழைய பெருவிடுதியில் நாங்கள் இருவரும் பதினொரு குளிர்காலம் கோப்பை கழுவினோம். ஊரிலே நான் கல்லூரியொன்றில் தமிழ் கற்பித்தவன். இங்கே அதனால் ஒரு பயனும் இல்லை. நண்பருக்கு மட்டும் அது பெரிய செய்தியாக இருந்தது. வதிவிட அனுமதியை நீடிப்பதற்கான விண்ணப்பம், மகளின் வகுப்பாசிரியைக்குக் கடிதம், மருத்துவரிடம் நோவை எப்படி எடுத்துரைப்பது என்பது வரை, முக்கியமாக எதைச் சொல்ல நேர்ந்தாலும் ஈரக்கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்து, “ஐயா, வடிவா எழுதித் தாங்கோ” என்பார். நானும் எழுதிக் கொடுப்பேன். கைகள் சவர்க்காரத்தில் வெந்துகிடந்த அந்நாள்களில் எனக்கென்று எஞ்சியிருந்த ஒரே மதிப்பு அது. அதனை நான் வேண்டாம் என்று தள்ளியதில்லை.

குளிர்காலப் பருவம் முடிந்து கோடைப் பருவம் தொடங்குமுன் விடுதியை மூடிவிடுவார்கள். பணியாளர்கள் கலைந்து போவர். எங்களைப் போன்ற இரண்டு மூன்று பேரை மட்டும் துப்புரவுக்கு வைத்துக்கொள்வார்கள். போரின் கடைசிச் சித்திரையில் எங்களுக்கு இட்ட வேலை, பெரிய உணவு மண்டபத்தின் சரவிளக்குகளையும் உட்கூரையையும் துடைப்பது. சக்கரம் பூட்டிய உயரமான சாரம் ஒன்றை நிறுத்தி, அதன் பலகைகளில் மல்லாந்து கிடந்தபடி, காடி கலந்த நீரில் நனைத்த துணியால் கண்ணாடித் தொங்கல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தோம்.

அந்த உட்கூரை முழுவதும் ஓவியம். பழங்கிரேக்கத் தெய்வங்கள் முகில்களின்மேல் சாய்ந்து அமர்ந்து, கீழே மாந்தர் செய்யும் போரொன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும் காட்சி. இடியைக் கையில் ஏந்திய தந்தைத் தெய்வம் நடுவிலே. அவருக்கு முதுகு காட்டி முகம் சுளித்திருக்கும் மனைவி. ஒருத்தி கையில் வேல், ஒருவன் கையில் வில். ஒரு பக்கத்துத் தெய்வங்கள் மதிலுக்குள் இருக்கும் நகரத்தாருக்கு உதவி, மறுபக்கத்தவர் கப்பலில் வந்தவர்களுக்கு உதவி. ஓவியர் அக்காலத்து விடுதிப் பங்காளிகளின் முகங்களையே தெய்வங்களுக்கு வைத்துவிட்டாராம். விடுதிக் காப்பாளர் சொன்னார். அதனாற்றான் தெய்வங்கள் எல்லாம் நன்றாக உண்டு முடித்த களைப்பிற் காணப்பட்டன. ஒரு தெய்வத்தின் கையில் இறைச்சித் தட்டுக்கூட இருந்தது.

மாந்தரைக் கீழிருந்து பார்க்க முடியாது. தெய்வங்களுக்கே இடம் போதாமற் போனதனால் ஓவியர் அவர்களைச் சுவரோர விளிம்பிலே விரலளவிற் சிறிதாக வரைந்து நெருக்கியிருந்தார். நூறாண்டு மெழுகுதிரிப் புகை அதன்மேற் படிந்து கறுத்திருந்தது. துணியால் ஒற்றி எடுத்தபோதுதான் ஒவ்வொருவராக வெளிப்பட்டார்கள்.

“ஐயா, இஞ்சை ஒருத்தன் விழுந்து கிடக்கிறான்,” என்று நண்பர் அழைப்பார். சற்று நேரம் கழித்து, “இஞ்சை இன்னொருத்தன்.”

வடகிழக்கு மூலையில், மதிலுக்கு வெளியே தனியே நின்ற ஒரு வீரனைத் துடைத்தெடுத்தபோது அதன் கதையை அவருக்குச் சொன்னேன். பகைவன் துரத்த ஓடிக்கொண்டிருக்கும் அவனிடம், அவனுடைய தம்பியின் உருவெடுத்து ஒரு பெண்தெய்வம் வந்து, ஓடாதே, நில், நானும் உன்னோடு நிற்கிறேன் என்று சொல்கிறது. அவன் நம்பி நிற்கிறான். நண்பர் கையில் துணியோடு நெடுநேரம் அதனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கிழமை அவர் வேறொன்றுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். அவருடைய தங்கை கணவனோடும் இரண்டு பிள்ளைகளோடும் கடற்கரையோரமாக ஒடுங்கிப்போன நிலத்துண்டு ஒன்றில் இருந்தார். பங்குத் தந்தை ஒருவரிடம் செய்மதித் தொலைபேசி இருந்தது. அதிலே வரிசையில் நின்று ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசலாம். முதல் அழைப்பில் தங்கை கேட்டிருந்தார்: படகொன்றில் இடம் கிடைத்திருக்கிறது. கணவர் போய்விடுவோம் என்கிறார். கடலில் என்ன நடக்குமோ என்று தனக்குப் பயம். அண்ணா, போவதோ, இருப்பதோ? வியாழக்கிழமை மறுபடி எடுக்கிறேன், யோசித்துச் சொல்லுங்கள்.

அந்நாள்களில் எல்லோரும் எங்களைத்தான் கேட்டார்கள். குண்டுக்கு நடுவே இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை, மலைமேல் இருக்கும் எங்களுக்கு எல்லாம் தெரியும் என்று அவர்களும் நம்பினார்கள், நாங்களும் நம்பினோம். எங்கள் ஒவ்வொரு வீட்டு வரவேற்பறையிலும் ஒரு நிலப்படம் விரிந்து கிடந்தது. தேநீர்க் கரண்டியால் அதன்மேற் கோடு கீறி, இன்னார் இந்தப் பக்கத்தால் வருவர், இன்னார் இங்கே மறிப்பர் என்று விளக்கம் சொன்னோம். சொல்லிவிட்டுப் பலகாரம் உண்டோம்.

நண்பர் வழக்கம்போல என்னிடம் வந்தார். “ஐயா, என்ன சொல்லுறது? வடிவா எழுதித் தாங்கோ. ரெண்டு நிமிசந்தான். எனக்கு வாய் தடுமாறும்.”

அக்கிழமை செருமன்மொழி நாளிதழ் ஒன்றில் போரோய்வுக்கான முயற்சி நடப்பதாகச் சிறு செய்தியொன்று வந்திருந்தது. அதனை நான் மூன்றுமுறை படித்திருந்தேன். பழைய உணவுப்பட்டியல் ஒன்றின் பின்புறத்தில், சமையற்கட்டு மேசையில் வைத்து எழுதினேன். ‘இடம்பெயரற்க. அறிவிக்கப்பெற்ற காப்புப் பகுதியினுள்ளேயே தங்குக. பத்து நாள்களுள் போர் ஓயக்கூடும்.’ படித்துப் பார்த்தேன். கடைசி வாக்கியம் நொண்டிற்று. முதலிரண்டின் திண்மை அதற்கு இல்லை. அடித்துவிட்டு, ‘பத்து நாள்களுள் போர் ஓயும் என்பது உறுதி’ என்று எழுதினேன். ஓசை சரியாயிற்று.

வேறெந்தக் காரணமும் இல்லை. ஓசைக்காகத்தான் மாற்றினேன்.

வியாழன் முற்பகல் அழைப்பு வந்தபோது நாங்கள் சாரத்தின் உச்சியில் இருந்தோம். நண்பர் எழுந்து உட்கார்ந்தார். தலை தந்தைத் தெய்வத்தின் பாதத்தில் முட்டிற்று. “பிள்ளை, சொல்லு, சொல்லு,” என்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து, எழுத்துக்கூட்டுவது போல ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். “விளங்கினதோ?” என்று கேட்டார். தொடர்பு அறுந்துவிட்டது.

படகு அவர்கள் இன்றியே போயிற்று. அதிற் சென்றவர்கள் கரையேறினார்கள் என்று பின்னர் அறிந்தோம். பத்து நாள்கள் கழிந்தன. போர் ஓயவில்லை. அதற்கடுத்த கிழமை, காப்புப் பகுதியினுள்ளேயே, குடிநீர் எடுக்கப் போன இடத்தில் எறிகணை விழுந்து அவருடைய கணவர் இறந்தார்.

நண்பர் என்னைக் குறை சொல்லவில்லை. அடுத்த பருவத்துக்கு நான் எங்கடினுக்குத் திரும்பவில்லை. பிரெஞ்சுமொழிப் பக்கமாக ரெனானுக்கு வந்து, சலவைக்கூடம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். அவர் துன்னில் ஏரிக்கரை உணவகம் ஒன்றிற் சேர்ந்தார். திருநாள்களுக்கு அழைத்துப் பேசிக்கொள்வோம். அந்தத் தாளைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. தங்கையின் மௌனத்தை அவர் தனியே சுமந்தார். சுமக்க விட்டேன் என்பதே சரி.

பேர்ண் நிலையத்தில் மூவரும் சந்தித்தோம். அம்மையார் ஐம்பதைக் கடந்தவர். அண்ணியின் தடித்த மேலங்கி தோளில் வழிந்துகொண்டிருந்தது. என்னைக் கண்டதும் ஐந்து உறைகளிற் சுற்றிய பொதியொன்றை நீட்டினார்.

“இந்தாங்கோ ஐயா. மன்னார்க் கருவாடு. அண்ணையின்ரை சிநேகிதருக்கெண்டு அங்கையிருந்தே தனியாக் கட்டிக் கொண்டுவந்தனான்.”

“தங்கள் அன்புக்கு மிக்க நன்றி. இத்துணைத் தொலைவு சுமந்து வந்திருக்கிறீர்கள்,” என்றேன்.

அவர் என்னைச் சற்று உற்றுப் பார்த்தார். “ஐயா ரேடியோ மாதிரிக் கதைக்கிறார்,” என்றார், யாரிடமும் இல்லாமல்.

நான்கு பேர் இருக்கையில் அவரும் நானும் ஒரு பக்கம். எதிரே நண்பர். முழங்கால்கள் முட்டிக்கொள்ளும் நெருக்கம்.

“அவரைக் கேளுங்கோ ஐயா, இன்னும் எவ்வளவு நேரமெண்டு.”

“இன்னும் எவ்வளவு நேரம்?” என்று நான் நண்பரைக் கேட்டேன்.

“சொல்லுங்கோ ஐயா, நாலு மணித்தியாலத்துக்கு மேலை.”

“நாலு மணி நேரத்துக்குமேல்,” என்றேன் அம்மையாரிடம்.

“உதுக்குள்ளை நான் மன்னாரிலையிருந்து கொழும்புக்குப் போயிடுவன் எண்டு சொல்லுங்கோ.”

“நீ சாமியிட்டை நேர்ந்துகொண்டு போனாலும் போகமாட்டாய் எண்டு சொல்லுங்கோ.”

பகைத்துக்கொண்ட உடன்பிறந்தார் நடுவில் ஓர் ஆளை வைத்துப் பேசுவது எங்கள் ஊர் வழக்கம். ஒரே விறாந்தையில் இருந்துகொண்டு, ‘அவரைச் சாப்பிடச் சொல்லு’ என்று பூனைக்குச் சொல்லும் குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன். ஆனால் சூரிச் வரை, சூரிச்சிலிருந்து கூர் வரை, இருவர் சொல்லையும் இருவருக்கும் கொண்டுபோய்க் கொடுத்தே எனக்கு நா வறண்டுவிட்டது. ஒவ்வொரு முறை நான் வாய் திறக்கும்போதும் அம்மையார் தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டார்.

கூரில் சிவப்பு மலைத் தொடருந்துக்கு மாறினோம். பெட்டியிற் சூடு மிகுதி. சுரங்கங்களுக்குள் நுழைந்து வளைந்து ஏறத் தொடங்கியபோது, ஐந்து உறைகளையும் தாண்டிக் கருவாடு தன்னை அறிவித்தது. முன்னிருக்கைக் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு எழுந்து போனார்கள். பயணச்சீட்டுப் பார்க்க வந்தவர் மூக்கைத் தூக்கி ஏதோ கேட்டார்.

“என்னவாம்? கேட்டுச் சொல்லுங்கோ ஐயா.”

“இது எந்தப் பள்ளத்தாக்குச் சீஸ் எண்டு கேக்கிறான்,” என்றார் நண்பர் என்னிடம்.

“அவரின்ரை வீட்டுப் பிரிஜ்ஜுக்குள்ளை இருக்கிற சீஸ் நாறுற நாத்தத்துக்கு இது சந்தனம் எண்டு சொல்லச் சொல்லுங்கோ.”

நண்பர் சிரித்துவிட்டார். அம்மையாரும் வாயை மூடிக்கொண்டு சாளரத்தின் பக்கம் திரும்பினார். தோள்கள் குலுங்கின. அவ்வளவோடு முடிந்துவிட்டிருந்தால் நன்றாயிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. கெட்டியான பனி இன்னும் மரநிழலிற் கிடந்தது. நான் கண்களை மூடிக்கொண்டேன். சொல்லவேண்டியதை எப்போது சொல்வது, எந்தச் சொல்லிலே தொடங்குவது என்று உள்ளுக்குள் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தேன்.

விடுதிக் காப்பாளர் அதே ஆள்தான். முதுமையடைந்திருந்தார். எங்கள் இருவரையும் கட்டிக்கொண்டார். மண்டபத்தைத் திறந்துவிட்டு, அரை மணியில் வருவதாகச் சொல்லிப் போனார்.

நாற்காலிகள் வெள்ளைத் துணி போர்த்து நின்றன. சாளரக் கதவுகளில் இரண்டை மட்டும் திறந்திருந்தார்கள். அம்மையார் மண்டபத்தின் நடுவில் வந்து அண்ணாந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு கழுத்தைத் தடவிக்கொண்டு, போர்த்திய நாற்காலியொன்றில் அமர்ந்தார்.

“எங்கை நிண்டவரெண்டு கேளுங்கோ.”

நான் கேட்கும்வரை நண்பர் காத்திருக்கவில்லை. கையை உயர்த்திக் காட்டினார். “உதிலை. அந்தக் கிழவன்ரை காலடியிலை. அப்ப சாரம் கட்டியிருந்தது.”

“ஆரவை?”

இந்தக் கேள்வியை அவர் என் வழியாகக் கேட்கவில்லை. பொதுவாக, மேலே பார்த்தபடி கேட்டார். நண்பரும் மேலே பார்த்தபடியே விடை சொன்னார்.

“சாமியள். கிரேக்கத்துச் சாமியள். கீழை சனம் சண்டை பிடிக்குது. இவை மேலையிருந்து ஆளுக்கொரு பக்கம். ஒருத்தி இந்தப் பக்கத்துக்காரனுக்கு அம்பைத் தட்டி விடுவாள். மற்றவன் அந்தப் பக்கத்துக்காரனை முகிலுக்குள்ளை ஒளிப்பான். விளையாட்டுத்தான். இவைக்கு ஒண்டும் நடக்காது. காயம் பட்டாலும் சாகமாட்டினம்.”

“சனத்தைக் காணேல்லையே?”

“சின்னனா ஓரத்திலை கிடக்குது. இஞ்சையிருந்து தெரியாது. அந்த மூலையிலை ஒருத்தன் தனிய நிக்கிறான், மதிலுக்கு வெளியிலை. பின்னாலை ஒருத்தன் வேலோடை துரத்திக்கொண்டு வாறான். அப்ப ஒரு சாமி இறங்கி வந்து, அவன்ரை தம்பி மாதிரி வேசம் போட்டுக்கொண்டு, அண்ணை ஓடாதை, நில், நான் பக்கத்திலை நிக்கிறன் எண்டு சொல்லுது. தம்பிதானே எண்டு அவன் நம்பி நிண்டிட்டான். வேலை எறிஞ்சுபோட்டு, மற்ற வேலைத் தா எண்டு திரும்பிப் பார்த்தா, தம்பியைக் காணேல்லை.”

“பிறகு?”

“பிறகென்ன. செத்தான்.”

“அந்தச் சாமி என்ன செய்தது?”

“அது மேலை போயிட்டுது,” என்றார் நண்பர்.

குழாயில் எங்கோ நீர் ஓடும் ஒலி கேட்டது. அம்மையார் என் பக்கம் திரும்பினார். “ஐயா, அவரைக் கேளுங்கோ. அண்டைக்கு அவர் எதையோ பார்த்து வாசிச்சவர். அது என்ன?”

நான் அந்தக் கேள்வியைக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. நண்பர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதும் அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

“அதனை எழுதியவன் நான்,” என்றேன்.

“தெரியும்,” என்றார் அம்மையார்.

நான் இருக்க இடம் தேடினேன்.

“ஆரெண்டு தெரியாது. ஆனா இவரின்ரை கதை இல்லையெண்டு அண்டைக்கே தெரியும். ‘இடம்பெயரற்க’ எண்டு எங்கடை வீட்டிலை ஆர் கதைச்சது? இவர் கடிதம் எழுதினாலும் மூண்டு வரிக்கு மேலை வராது. இண்டைக்குக் காலமை ஸ்ரேசனிலை நீங்கள் வாயைத் திறந்த உடனை பிடிச்சிட்டன். அந்தக் குரல் உங்கடை.” அவர் மேலங்கியின் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னார். குரல் உயரவில்லை. “அதாலைதான் ஐயா நாங்கள் போகாமல் நிண்டது. அண்ணை சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டன். சின்னனிலையே அவர் சொல்லி நான் ஒண்டும் கேட்டதில்லை. பிள்ளையளின்ரை அப்பா படகிலை இடம் பேசிப்போட்டு வந்து நிண்டவர். நான்தான் மறிச்சனான். ஆரோ எல்லாம் தெரிஞ்ச பெரிய ஆள் சொல்லுது, உறுதியெண்டு சொல்லுது எண்டு மறிச்சனான்.”

நான் வாய் திறந்தேன். அவர் கையை உயர்த்தினார்.

“உங்களோடை எனக்குக் கோவமில்லை. உங்களை எனக்குத் தெரியாது. நான் உங்களையோ கேட்டனான்?” என்று சொல்லிவிட்டு, நாற்காலியிலிருந்து எழுந்து, நேரே அண்ணன்முன் போய் நின்றார்.

“நான் உன்னைத்தானே கேட்டனான். சொல்லு இப்ப. அண்டைக்கு நீ என்ன நினைச்சனி?”

நண்பர் என்னைப் பார்த்தார். எழுதித் தாருங்கள் என்று கேட்கும் அதே பார்வை.

“போ எண்டு நினைச்சனான்,” என்றார் கடைசியில். “மச்சான் கடலிலை பிறந்த ஆள். அவர் போகலாம் எண்டு சொன்னா யோசிச்சுத்தான் சொல்லுவார் எண்டு நினைச்சனான். ஆனா நான் ஆர், பிள்ளை? கோப்பை கழுவுறவன். ஐயா பேப்பர் வாசிக்கிறவர்.”

“நான் கோப்பை கழுவுறவனைத்தானேடா கேட்டனான்!”

மண்டபம் அதிர்ந்தது. அதன்பின் அவர் நிறுத்தவில்லை. மூடன் என்றார். மாடு என்றார். பயம் என்றால் பயம் என்று சொல்லியிருக்கலாம், தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லியிருக்கலாம், இத்தனை ஆண்டும் அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்றார். நண்பர் அழுதுகொண்டே தலையசைத்தார். விடுதிக் காப்பாளர் சத்தம் கேட்டு ஓடிவந்து, வாயிலில் நின்று என்னைப் பார்த்தார். ஒன்றுமில்லை, குடும்பத்தார் பேசிக்கொள்கிறார்கள் என்று செருமன் மொழியிற் சொன்னேன்.

திரும்பும் தொடருந்தில் அம்மையார் அண்ணனின் அருகில் அமர்ந்தார். திட்டு ஓயவில்லை. ஆனால் கூருக்கு வருமுன்னரே அது கணவரின் மரணத்தை விட்டு, நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் உடைந்த ஒரு சைக்கிளுக்கும், தாயின் காதுத்தோட்டுக்கும் போய்விட்டது. நண்பர் இடையிடையே, “அது நீதான் உடைச்சனி,” என்று எதிர்த்தும் பேசினார். இருவருக்கும் நடுவில் ஓர் ஆள் தேவைப்படவில்லை. நான் எதிர்ப்பக்கத்தில் கருவாட்டுப் பொதியோடு இருந்தேன். இருவரும் என்னை மன்னிக்கவுமில்லை, வையவுமில்லை. வைதிருக்கலாம்.

கூரிலிருந்து பேர்ண் வரை நான் ஒரு வாக்கியத்தை அமைத்துக்கொண்டிருந்தேன். பேர்ண் மேடையில், பிரியும்போது, “அம்மையீர்,” என்று தொடங்கினேன்.

“எழுதி வைச்சிருக்கிறியளோ, ஐயா?”

“எழுதவில்லை. மனத்தில்…”

“ரெண்டும் ஒண்டுதான். வேண்டாம். பிறகு ஒரு நாளைக்கு, எழுதாமல் வந்தாச் சொல்லுங்கோ. இப்ப போங்கோ, உங்கடை வண்டி வந்திட்டுது.”

என் ஊர்ப் பக்கமாக லொசான் போகும் வண்டியில் இடம் நிறைந்திருந்தது. நான் அமர்ந்ததும் பக்கத்திலிருந்தவர் எழுந்து வேறிடம் போனார். பொதியை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு இருக்கைகளில் நான் ஒருவனாகவே வந்தேன்.

அடுத்த கிழமை அம்மையார் ஊர் திரும்பினார். நண்பர் அழைத்துச் சொன்னார். இப்போது நாள்தோறும் இருவரும் கதைக்கிறார்களாம், பெரும்பாலும் சண்டையாம். தங்கையின் தொலைபேசி எண்ணையும் கேளாமலே தந்தார். பலமுறை அதனை அழுத்தத் தொடங்கி நிறுத்தினேன். நாவில் வந்து நின்றவை எல்லாம் நிமிர்ந்து நடக்கும் வாக்கியங்களாகவே இருந்தன. ஒவ்வொன்றிலும் ஓர் ‘உறுதி’ ஒளிந்திருந்தது.

நேற்று நண்பகல் கருவாட்டைப் பொரித்தேன். சாளரங்களை எல்லாம் திறந்து வைத்தேன். உண்டு முடித்து, கை கழுவி, அழைத்தேன்.

“ஆர்?” என்றார்.

“நான்தான் பிள்ளை. ரெனான்லை இருந்து. கருவாடு நல்லா இருந்தது.”

மறுமுனையிற் கோழிகளின் ஓசை கேட்டது. காத்திருக்கிறார் என்று விளங்கிற்று.

“மற்றது,” என்றேன். “எனக்கு அண்டைக்கு ஒண்டும் தெரியாது, பிள்ளை.”

கோழிகள் மட்டும் கேட்டன. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று காதை அழுத்தினேன்.

“ஓம், ஐயா,” என்றார் பிறகு. “உப்புக் கூடவோ?”

“கொஞ்சம் கூடத்தான்.”

“இன்னும் கிடக்கோ?”

“பாதி கிடக்கு.”

“அப்ப அடுத்தமுறை வெந்நீரிலை ஊறவிட்டுப் பொரியுங்கோ,” என்று சொல்லி வைத்துவிட்டார்.